மருந்தடிக்கிறவர் வீட்டுத் தேனீக்கள்

அந்த வீட்டு மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, 'என் குடும்பம்' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். அவள் எழுதியது நாலே வரி. "அப்பா பூச்சியைக் கொல்கிறார். அம்மா பூச்சியை வளர்க்கிறார். மாமா பூச்சிமருந்து விற்கிறார். நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம்." டீச்சர் முதல் மூன்று வரியை விட்டுவிட்டு, கடைசி வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.

மகள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். மற்ற மூன்று பேரும் அதே தொழில்தான். ஒற்றுமையும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அப்பாவுக்கு ஊரில் பெயர் மூக்கு. மரியாதை தெரிந்தவர்கள் மூக்கண்ணன் என்பார்கள். பெரிய மூக்கு ஒன்றும் இல்லை, முகத்தில் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கிற மூக்குதான். ஆனால் வேலை செய்யும். லேபிள் கிழிந்த டப்பாவைக் கையில் எடுக்காமலே, "இது வண்டு மருந்து, போன வருஷத்துச் சரக்கு, மூடியைச் சரியா மூடல" என்று சொல்லிவிடுவார். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "கத்தரிக்கு நேத்து மருந்தடிச்சீங்களா?" என்று கேட்டார். அந்த மனுஷன் ஏதோ ரகசிய போலீஸ் என்று பயந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் தோட்டத்தில் மருந்தடிப்பது அவர் தொழில். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் உறை, முகத்தில் முகமூடி. முகமூடி போடுவதில் அவருக்கு வருத்தம் உண்டு, பாடகரின் வாயைக் கட்டின மாதிரி என்பார். ஆனால் அது மனைவியின் உத்தரவு. அப்பீல் கிடையாது.

மனைவியைப் பெட்டிக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரு துணிப்பை, இரண்டு தேன்பெட்டி. துணிப்பையில் என்ன இருந்தது என்று யாருக்கும் இப்போது நினைவில்லை. பெட்டிகளை ஏற்றிவந்த வண்டிக்காரருக்கு மட்டும் ஏழு இடத்தில் கொட்டு வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பெட்டி இருபத்தாறு வருஷத்தில் பன்னிரண்டு ஆயிற்று. பச்சை பெயின்ட் அடித்த மரப்பெட்டிகள், இரும்புக்கால் மேல், ஒவ்வொரு காலும் ஒரு பழைய டப்பாத் தண்ணீரில் நிற்கும், எறும்பு ஏறாமல் இருக்க. வீட்டின் பின்பக்கம் மதில் ஓரமாக வரிசையாக நிற்கும்.

வீட்டுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு துணி காயப்போடும் கொடி. அதுதான் எல்லை.

"கொடிக்கு இந்தப் பக்கம் உங்களோடது, அந்தப் பக்கம் என்னோடது" என்று பெட்டிக்காரம்மா முதல் வருஷமே சொல்லிவிட்டார். காரணம் இருந்தது. மூக்கண்ணன் வேலை முடிந்து வந்ததும் ஷெட்டிலேயே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, பவுடரும் பூசிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். அப்படியும் தேனீக்கள் அவரைக் கண்டுபிடித்துவிடும். ஊரில் யாரைக் கொட்டினாலும் கையிலோ காலிலோ கொட்டும். இவரை மட்டும் நேராக மூக்கில் கொட்டும்.

"தொழில் போட்டி" என்பார் அவர், வீங்கின மூக்கைத் தடவிக்கொண்டு.

ஆகவே இருபத்தாறு வருஷமும் அவர் கொடிக்கு இந்தப் பக்கம் நின்றே மனைவியோடு பேசினார். ஈரத்துணி முகத்தில் பட்டு, அதை விலக்கி விலக்கிப் பேசுகிற குடும்பம் நடத்தினார். அந்தப் பக்கம் பெட்டியைத் திறந்து தேனடையைத் தூக்கிப் பார்த்து, "ராணி நல்லா முட்டை வைக்குது" என்று அவர் மனைவி சொல்லும்போது, ஒருநாளாவது அதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு இருக்கும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

சொல்லிக்கொள்ளாத இன்னொன்றும் இருந்தது, ஒரு பயம். தன் கையால் அடித்த மருந்தில் இந்தப் பன்னிரண்டு பெட்டியில் ஒன்றுகூடச் சாகக்கூடாது. அவ்வளவுதான். டாக்டர், திருடன், கரண்ட் எதற்கும் பயப்படாத மனுஷன் அந்த ஒன்றை நினைத்தால் மட்டும் தண்ணீர் குடிப்பார்.

ஏனென்றால் அது எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். எட்டு வருஷம் முன்னால் வேறு ஊர் ஆள் ஒருவன் வந்து, சூரியகாந்தி முழுசாகப் பூத்து நிற்கும்போது காலை பத்து மணிக்கு மருந்தடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஐந்து பெட்டி போயிற்று. பெட்டி வாசலிலேயே விழுந்து செத்தவை பாதி. மீதியின் கதை அதைவிட மோசம். வழி மறந்துவிட்டது. ராத்திரி தங்க இடமில்லாமல் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆட்கள் மாதிரி, இலை ஓரத்திலும் மதில் மேலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்தன. பெட்டிக்காரம்மா அவற்றை ஒரு அட்டையில் ஏந்தி ஏந்திப் பெட்டி வாசலில் கொண்டுபோய் விட்டார். காவல் தேனீக்கள் உள்ளே விடவில்லை. வாசம் மாறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் சமையலறைப் பலகை வந்தது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு பலகை, கயிற்றில் கட்டின ஒரு சாக்பீஸ். தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் மூக்கண்ணன் அதில் நாளைக்கு எந்தத் தோட்டம், என்ன மருந்து, பூ உண்டா இல்லையா என்று படம் போட்டுக் காட்டவேண்டும். அவர் படம் போட்டால் பூசணித்தோட்டமும் வெள்ளரித்தோட்டமும் உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கும். பெட்டிக்காரம்மா பார்த்துவிட்டு, "சரி" என்பார், அல்லது "நேரம் மாத்துங்க" என்பார். மாற்றவே முடியாது என்றால் விடிவதற்கு முன்னால் பெட்டி வாசலை எல்லாம் மூடி, ஈரச்சாக்கு போர்த்தி, ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குச் சாப்பாடு மூக்கண்ணன்தான் செய்யவேண்டும். சாப்பிடுகிறவர்களுக்கும் அது தண்டனைதான்.

அவசரத்தின் பூசணித்தோட்டத்து விஷயம் இந்தப் பலகைக்கு வந்தது வெயில் ஏறத் தொடங்கின ஒரு மாதத்தில்.

அவசரம் என்பது ஒரு விவசாயி. சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளியே போட்டிருப்பார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மறக்கிற ஆட்கள் உண்டு. இவர் சாப்பிட மறந்துவிட்டுக் கையை மட்டும் கழுவிக்கொண்டு எழுந்துபோகிற ஆள். அவர் தோட்டம் பெட்டிகளிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம், பறந்தால் ரொம்பக் கம்மி.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு மூக்கு" என்றார் அவசரம், விதைக்கடை வாசலில் வைத்து. "வண்டு இலையைச் சல்லடை ஆக்கிட்டுப் போகுது."

"பூ விரிஞ்சிருக்கே."

"அது பாட்டுக்கு விரியட்டும். பூவை நான் என்ன பண்ணினேன்?"

"ஏழு மணிக்குப் பூவுக்குள்ள பூரா தேனீ இருக்கும். சாயங்காலம் வர்றேன். மத்தியானத்தோட பூசணிப்பூ மூடிக்கும், அதுங்களும் வீட்டுக்குப் போயிடும்."

"நான் உன்னை வண்டுக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டேனா, உன் பெண்டாட்டி வீட்டு ஆளுங்களுக்கு நேரம் பாக்கக் கூப்பிட்டேனா?"

"தேனீ வரலைன்னா காய் எப்படிப் பிடிக்கும்?"

"காத்துல பிடிக்கும்."

"காத்துல சளிதான் பிடிக்கும். எட்டு வருஷம் முன்னாடி, அந்தச் சூரியகாந்தி சமயத்துல, உனக்கு எத்தனை காய் வந்துச்சு? எல்லாம் என் மச்சான் முகம் மாதிரி ஒரு பக்கம் சூம்பிப் போய்."

விதைக்கடைக்குள்ளிருந்து மச்சான் தலையை நீட்டினார். பெட்டிக்காரம்மாவின் தம்பி அவர். விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். "மாமா, என் முகத்தை விட்டுட்டு வியாபாரம் பேசுங்க."

அவசரம் யோசித்தார். சூம்பின காய்கள் அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். "சாயங்காலம் எத்தனை மணி?"

"ஆறு."

"அஞ்சே முக்காலுக்கு வா."

அன்று பலகையில் மூக்கண்ணன் பூசணித்தோட்டம் வரைந்து, பக்கத்தில் மூடின பூ ஒன்றையும் வரைந்தார். அதுவும் உருளைக்கிழங்காகத்தான் வந்தது. பெட்டிக்காரம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"அவசரமா ஒத்துக்கிட்டார்?"

"அவரேதான்."

"அவர் அம்மா சொன்னாலே கேக்க மாட்டாரே. என்னங்க சொன்னீங்க?"

"உன் தம்பி முகத்தை வச்சுச் சமாளிச்சேன்."

பெட்டிக்காரம்மா டீயில் இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒரு ஸ்பூன் என்பது சாதாரண மரியாதை. இரண்டு ஸ்பூன் மகள் பிறந்த அன்றைக்குக் கிடைத்தது.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்தில் ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. மூக்கண்ணன் பூட்ஸ் காலோடு வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார், சந்தேகம் வந்த பூவைக் குனிந்து தொட்டும் பார்த்தார். எல்லாம் முறுக்கின துணி மாதிரி மூடிக் கிடந்தன. ஒரு ரீங்காரம் இல்லை. ஆறு டேங்க் அடித்தார். காற்றில்லை, இலைக்கு அடியில் வரைக்கும் மருந்து பிடித்தது. இருபத்தாறு வருஷத்தில் இதைவிட ஒழுங்காக அவர் ஒருநாளும் வேலை செய்ததில்லை. வீட்டுக்குப் போய் இதைச் சொல்லவேண்டும், இன்னும் இரண்டு ஸ்பூனுக்கு வாய்ப்பிருக்கிறது என்று மனசு முன்னால் ஓடியது.

வழக்கமாக டேங்கைக் கழுவுகிற தண்ணீரை அவர் அடித்த தோட்டத்திலேயே திரும்பத் தெளித்துவிடுவார். அன்றைக்கும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தது வாய்க்கால் மதகடியில். மதகில் ஒரு விரிசல், அதில் தண்ணீர் கசிந்து, பாசி பிடித்த ஒரு சின்னப் பள்ளம். தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில், டேங்க் கையில், இரண்டு ஸ்பூன் தேன் மனசில். மூன்று தடவை அலசி அலசி ஊற்றினார். குழாய் நுனி நாசிலை ஊதிப் பார்த்தார். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஷெட்டில் உட்கார்ந்து ஒரு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தவருக்குப் பின்பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"ஏங்க!"

பெட்டிக்காரம்மாவிடம் பல 'ஏங்க' உண்டு. கேஸ் தீர்ந்த ஏங்க, போன் வந்த ஏங்க, பல்லி விழுந்த ஏங்க. இது அவர் எட்டு வருஷமாகக் கேட்காத ஏங்க.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, கடைசி நாலு பெட்டி வாசலிலும் கறுப்பும் மஞ்சளுமாகக் குவிந்து கிடந்தன. சில மல்லாந்து கிடந்து வட்டம் சுற்றின. சில நடுங்கின. நாக்கு வெளியே நீண்டு கிடந்தது, அத்தனை சின்ன நாக்கு. உள்ளே போகப் பார்த்தவற்றைக் காவல் தேனீக்கள் காலைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளின.

"காலையில அடிச்சிருக்காரு" என்றார் பெட்டிக்காரம்மா. குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "நீங்க சாயங்காலம் அடிச்சது போதலைன்னு அந்த மனுஷன் விடிஞ்சதும் தானே எடுத்து அடிச்சிருக்காரு. அவசரம்."

குப்பை அள்ளுகிற முறத்தை எடுத்து, செத்த தேனீக்களை அதில் வாரி, அதைத் தட்டு ஏந்துவது போல ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். மூக்கண்ணன் பின்னால் ஓடினார். தையற்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். விதைக்கடையிலிருந்து, "அக்கா, என்னக்கா அது?" என்று மச்சான் கேட்டார். "உன் கடைச் சரக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போய்க்கொண்டே இருந்தார்.

அவசரம் தோட்டத்திலேயே இருந்தார். முறத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"தங்கச்சி, சத்தியமா நான் தொடல. என்கிட்ட டேங்கே கிடையாது."

"கிடைக்கிறதுக்கா பஞ்சம்? உங்களுக்குப் பொறுமை இல்லண்ணே. ஊருக்கே தெரியும்."

"பொறுமை இல்லதான். அதுக்காக? இங்க பாரும்மா!" அவர் ஒரு பூவைக் காட்டினார். விரிந்த பூசணிப்பூ, உள்ளே மூன்று தேனீ, மகரந்தத்தில் புரண்டு மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் மாதிரி இருந்தன. நன்றாகவே இருந்தன. "மருந்தடிச்சிருந்தா இதுங்க இருக்குமா?"

"அடிக்காம விட்ட வரிசையைக் காட்டறீங்க."

மூக்கண்ணன் அப்போது முறத்துக்கு மேல் குனிந்து முகர்ந்தார். தன் மருந்துதான். நேற்று தானே கலந்தது. ஆனால் கூடவே இன்னொரு வாசமும் இருந்தது. பச்சையாக, ஈரமாக, பாசி வாசம்.

அவர் தலையைத் தூக்கி மதகைப் பார்த்தார். சண்டை நடந்துகொண்டே இருந்தது. யாரும் கவனிக்காமல் அங்கே நடந்து போனார். பள்ளத்தைச் சுற்றிப் பாசி மேல் தேனீக்கள் வட்டமாக உட்கார்ந்து தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தன. வெயில் காலம். பெட்டிக்குள் சூடு ஏறாமல் இருக்க அவை தண்ணீர் சுமந்துபோகும். வீட்டில் பெட்டிக்காரம்மா வைத்த சுத்தமான தட்டுத் தண்ணீரை விட்டுவிட்டு, பாசி நாறுகிற இந்தக் குட்டையை அவை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தன. எட்டு வருஷமாகப் பலகையில் எந்தப் பூ எப்போது விரியும் என்று வரைந்தார்கள். தேனீ தண்ணீர் குடிக்கும் என்பதை ஒருநாளும் வரைந்ததில்லை.

அவசரத்தின் மண்வெட்டி வரப்பில் கிடந்தது. மூக்கண்ணன் அதை எடுத்துப் பள்ளத்தில் மண்ணை வெட்டிப் போட்டார். விரிசலைக் களிமண்ணால் அடைத்தார். கடைசி ஈரம் மறைகிற வரைக்கும் போட்டார்.

"இவன் என்ன அங்க தோண்டிக்கிட்டிருக்கான்?" என்றார் அவசரம்.

"கசியுது" என்றார் மூக்கண்ணன்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நிற்கிறது அவசரம். செய்யாத தப்பையும் செய்திருப்பார் என்று ஊரே நம்புகிற ஆள். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே போதும், பழி தானாக அவர் சட்டைப்பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வரும்போது பெட்டிக்காரம்மா, "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றார். மூக்கண்ணனுக்கு மூக்கில் கொட்டு வாங்கியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று இருந்தது.

மத்தியானம் ஷெட்டுக்குப் போனார், வாஷரை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். சாயங்காலம் டீ வந்தது. ஒரு ஸ்பூன். பெட்டிக்காரம்மா பலகையில் அவசரத்தின் தோட்டத்தை ஈரத்துணியால் அழித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே அந்த ஆள் வேலைக்கு நீங்க போகவேண்டாம்."

மூக்கண்ணன் சாக்பீஸை எடுத்தார். அழித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார், அது வாய்க்கால். கோட்டின் மேல் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"இது என்ன, இன்னொரு தோட்டமா?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"மதகடியில நான் டேங்க் கழுவின தண்ணி." சாக்பீஸ் அவர் கையில் உடைந்தது. "பூ எல்லாம் மூடியிருந்துச்சு. ஒண்ணு ஒண்ணா தொட்டுப் பாத்தேன். பாத்துட்டு, கழுவுறதை அங்க கழுவிட்டேன். நான்தான். அவசரம் இல்ல."

பெட்டிக்காரம்மா பலகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். பெரிய சண்டை வரும், பாத்திரம் பறக்கும், குறைந்தபட்சம் ஒரு அழுகையாவது வரும் என்று மூக்கண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். எதுவும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"முறத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருவெல்லாம் நடந்தேனே."

"ஆமா."

"அந்த மனுஷனை என்னென்ன பேசினேன்."

"நீ பேசினது கொஞ்சந்தான். நான் பேசாம இருந்ததுதான் அதிகம்."

பெட்டிக்காரம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "போய்க் குளிங்க" என்றார். "சோப்புப் போட்டு மூணு தடவை. பவுடர் வேண்டாம், அந்த நாத்தம் அதுங்களுக்கு ஆகாது. ரெண்டு பெட்டியில ராணி செத்துப்போச்சு. ஆளுங்களும் கொஞ்சந்தான் மிச்சம். சேத்து வைக்கணும். எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும்."

அவருக்குப் புரியவில்லை. "யாரு கை?"

"இங்க வேற யாராவது நிக்கிறாங்களா?"

இப்படித்தான் மூக்கண்ணன் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு கொடியைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கம் போனார். மன்னிப்பு என்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஆள் தட்டுப்பாடு, அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்து தேனீக்கள் உள்ளே அடங்கியிருந்தன. முதலில் கெட்ட அடைகளை வெளியே எடுத்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். பிறகு ராணி இல்லாத பெட்டியை ராணி இருக்கிற பெட்டி மேல் வைக்கவேண்டும்.

"அப்படியே வச்சா ஒண்ணை ஒண்ணு கொன்னுடும்" என்றார் பெட்டிக்காரம்மா. "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாசம். நடுவுல ஒரு பேப்பர் போடணும். ரெண்டு பக்கமும் அதைக் கடிச்சுக் கடிச்சு ஓட்டை போடும். ஓட்டை ஆகறதுக்குள்ள வாசம் கலந்துடும். அப்புறம் சண்டை வராது. பழைய பேப்பர் கொண்டாங்க, வழவழன்னு இருக்கிறது வேண்டாம்."

அவர் கொண்டுவந்ததைப் பிரித்த பெட்டிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். முழுப்பக்கம் ஒரு பூச்சிமருந்து விளம்பரம்.

"வேற பக்கமே கிடைக்கலையா?"

"கடிச்சுத் துப்பட்டுமேன்னுதான்."

பெட்டிக்காரம்மாவின் உதடு ஒரு ஓரத்தில் அசைந்தது. அசைந்தது என்று பிறகு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. காகிதத்தில் ஊசியால் சில துளைகள் போட்டு, கீழ்ப்பெட்டி மேல் விரித்து, மூக்கண்ணன் மேல்பெட்டியைத் தூக்கி மெதுவாக இறக்கினார். அதற்குள் மூன்று கொட்டு. இரண்டு காதில், ஒன்று வழக்கமான இடத்தில். இன்னொரு ஜோடியையும் அப்படியே சேர்த்தார்கள். பன்னிரண்டு பத்தாயிற்று.

மறுநாள் காலை இரண்டு பேரும் அவசரத்தின் வீட்டுக்குப் போனார்கள். மூக்கண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவசரம் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பேச்சை முழுசாகக் கேட்டார்.

"அப்ப நான் செய்யல?"

"நீ செய்யல."

"இன்னொரு தடவை சொல்லு."

"நீ செய்யலப்பா."

"தெருவுல நின்னு சொல்லு. அந்தத் தையற்கடைக்காரன் காதுல விழணும்."

மூக்கண்ணன் தெருவில் நின்று சொன்னார். தையற்கடைக்காரர் மறுபடி மிஷினை நிறுத்தினார். அந்த வாரம் அவர் கடையில் ஒரு துணியும் சொன்ன நாளில் தைத்து முடியவில்லை.

விதைக்கடையில் மச்சான் அந்த மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். "குளம், வாய்க்கால், கிணற்று ஓரத்தில் கழுவக்கூடாதுன்னு போட்டிருக்கு மாமா. தேனீ படமும் போட்டிருக்கு. எறும்பு சைஸ்ல."

"எத்தனை வருஷமா விக்கிறே?"

"பதினஞ்சு."

"இன்னைக்குத்தான் படிச்சியா?"

"நீங்க எத்தனை வருஷமா அடிக்கிறீங்க மாமா?"

இருவரும் டீ சொன்னார்கள். அன்று முதல் யார் அந்த மருந்து கேட்டாலும் மச்சான் பாட்டிலைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த வரியைச் சத்தமாகப் படிக்கிறார், ராகம் போட்டு. வாங்க வந்தவர்கள் நெளிவார்கள். நெளிந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும், பாட்டில் அவர் கையில் இருக்கிறதே.

அடுத்த இரண்டு நாளும் மூக்கண்ணன் வேலைக்குப் போகவில்லை. தேனீக்கள் எங்கெங்கே தண்ணீர் குடிக்கின்றன என்று தெரு தெருவாக அலைந்தார். மாட்டுத்தொட்டியில் குடித்தன. சொட்டுகிற தெருக்குழாயில் குடித்தன. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கை கழுவுகிற இடத்தில் குடித்தன. மச்சான் கடை ஏ.சி. சொட்டுகிற வாளியிலும் குடித்தன. அதைப் பார்த்து மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் கையில் மருந்து சிந்தினால் அவர் கழுவுவது அந்த வாளியில். வாளி அன்றே இடம் மாறிற்று. ஷெட்டுக்குப் பின்னால், எந்தத் தண்ணீரும் போய்ச் சேராத மேட்டில், டேங்க் கழுவுவதற்கென்றே சிமென்ட் பூசின ஒரு தொட்டி கட்டினார் மூக்கண்ணன். மேலே தகரக் கூரையும் போட்டார். கோணலாகத்தான் வந்தது. அவர் வரைந்தாலும் கட்டினாலும் ஒரே கைதானே.

மூன்றாம் நாள் காலை அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி பின்பக்கத்திலிருந்து, "ஏங்க!" கேட்டது. இந்த ஏங்க எந்த வகை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒற்றைக்கால் பூட்ஸோடு ஓடினார்.

பெட்டிக்காரம்மா பதினொன்றாம் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "இங்க வந்து பாருங்க. மெதுவா."

பெட்டி வாசல் பலகையில் பொடிப்பொடியாகக் காகிதத் துகள். ஒரு தேனீ தன்னைவிடப் பெரிய துண்டு ஒன்றை வாயில் கவ்வி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்தது. அதில் பாதி எழுத்து ஒட்டியிருந்தது. வாசல் வரைக்கும் இழுத்து, ஒரு மூச்சு நின்று, பலகை விளிம்பில் தள்ளிவிட்டு உள்ளே திரும்பிப் போனது. காவல் தேனீ அதைத் தடுக்கவில்லை. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. பக்கத்துப் பெட்டியிலும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது.

"சேந்துடுச்சா?" என்றார் மூக்கண்ணன்.

"சண்டை போட்டிருந்தா பொணம் வந்திருக்கும். பேப்பர்தானே வருது."

அவரும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. அவசரம்தான், காலை வணக்கம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராக நடுவிலிருந்து தொடங்கினார்.

"வெள்ளரியில பூச்சி. எப்ப வர்றே? இப்ப வா."

"பூ விரிஞ்சிருக்கா?"

"விரிஞ்சிருக்கு, விரிஞ்சிருக்கு. சாயங்காலம்தான் வருவேன்னு சொல்லப்போறே, தெரியும். தொட்டி கட்டிட்டியாமே, டேங்கை அங்கயே போய்க் கழுவிக்க. வந்து பூச்சியையாவது பாத்துட்டுப் போ."

"கொஞ்ச நேரம் ஆகும். பேப்பர் படிக்கிறது முடியட்டும்."

"பேப்பரா? நீயா? எப்பலேர்ந்து?"

"நான் இல்லப்பா. இங்க ஒரு பத்தாயிரம் பேர் படிச்சுக்கிட்டிருக்காங்க. விளம்பரம் வரைக்கும் விடாம."

பெட்டிக்காரம்மா முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. மூக்கண்ணன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அடுத்த துண்டு வெளியே வருவதற்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.